திரை நிறைந்தால் போதுமா?

"ஏன் ஸார், நாற்பத்து மூன்று அங்குல டி.வி.க்குப் பணம் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிட்டா படம் பார்ப்பது?"

நமது சங்கத்தின் மாதப் படக்காட்சிப் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டு வருகிறேன். செம்பூரிலிருந்து வரும் மாமா ஒருவர், கடைக்காரன் பழுதான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்றே முடிவு செய்திருந்தார். முலுண்டில் ஒரு வீட்டில், பழைய படம் ஆரம்பித்ததும் மகன் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்துவான். படம் திரை முழுக்கப் பரவிவிடும். கதாநாயகிக்கும் பத்துக் கிலோ கூடிவிடும். "அந்தக் காலத்தில் எல்லாரும் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருப்பார்கள்" என்று அவன் அம்மா சமாதானம் சொல்லிக்கொள்வார்.

பத்மினியும் சாவித்திரியும் அப்படி இருக்கவில்லை. ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு சினிமாவுக்கும் ஒரு வடிவம் உண்டு. படத்தின் அகலம் அதன் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் அது. 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்ஸன் என்பவர் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளை என்று வைத்தார். அதில் கிடைத்த வடிவம் நாலுக்கு மூன்று. பேசும் படம் வந்து, பிலிமின் ஓரத்தில் ஒலிக்கு இடம் விடவேண்டி வந்தபோது, 1932-இல் ஹாலிவுட்டின் அகாடமி அதை 1.37 என்று நிர்ணயித்தது. பழைய வடிவத்துக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. 'பராசக்தி' (1952), 'தில்லானா மோகனாம்பாள்' (1968) எல்லாம் இந்தச் சதுரத்தை ஒட்டிய வடிவத்தைச் சேர்ந்தவைதான். டெலிவிஷனைக் கண்டுபிடித்தவர்களும் சினிமாவைப் பார்த்து அதே நாலுக்கு மூன்றையே எடுத்துக்கொண்டார்கள். சினிமாத் திரையும் டி.வி. திரையும் ஒரே வடிவமாக இருந்தவரை யாருக்கும் தொந்தரவு இல்லை.

பிரச்சினை ஆரம்பமானது 1953-இல். அமெரிக்காவில் ஜனங்கள் டி.வி.யின் முன் உட்கார்ந்துவிட, கொட்டகைகள் காலியாகின. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் கொட்டகையில் காட்டவேண்டிய கட்டாயம் படக் கம்பெனிகளுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கிரேட்டியன் பல வருடங்களுக்கு முன்பே ஒரு லென்ஸ் செய்து வைத்திருந்தார். அது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதியும். கொட்டகையில் இன்னொரு லென்ஸ் அதை மீண்டும் இரண்டு மடங்காக விரிக்கும். பிலிம் அதே பிலிம், திரை மட்டும் அகலம். இதற்கு 'சினிமாஸ்கோப்' என்று பெயர் வைத்து ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனி வெளியிட்ட முதல் படம் 'தி ரோப்'. வடிவம் நாளடைவில் 2.35 என்று நிலைத்தது. அதாவது ஒரு அடி உயரம் என்றால் இரண்டேகால் அடிக்கும் மேல் அகலம்.

ஊரில் சிறுவயதில் தியேட்டர் வாசலில் பிலிம் துண்டு பொறுக்கியவர்களுக்கு இது பாடமாகச் சொல்லாமலே தெரியும். ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டுவோம். சில துண்டுகளில் ஆட்கள் ஒழுங்காக இருப்பார்கள். சிலவற்றில் எல்லாரும் ஊதுபத்தி மாதிரி ஒல்லியாக, நெட்டையாக நிற்பார்கள். அதுதான் ஸ்கோப் படத்தின் பிலிம்.

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் நாம் பிழைக்க வந்த இந்த பம்பாயில்தான் உருவானது: குருதத்தின் 'காகஸ் கே ஃபூல்', 1959. ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி மைசூர்க்காரர். கதாநாயகி வஹீதா ரஹ்மான் செங்கல்பட்டில் பிறந்தவர். இருண்ட ஸ்டூடியோவில் கூரையிலிருந்து ஒரு தூண் போல வெளிச்சம் இறங்க, அவரும் குருதத்தும் எட்டி நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கே இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கும் வெற்றிடம்தான் கதையே. தமிழுக்கு சினிமாஸ்கோப் வர மேலும் பதினான்கு வருடம் ஆயிற்று. ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்', 1973.

இந்த 1973 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இப்படி விரிந்த படத்தை நாலுக்கு மூன்று டி.வி.யில் எப்படிக் காட்டுவது? ஒரு வழி, முழு அகலத்தையும் காட்டி, மேலும் கீழும் கறுப்பாக விடுவது. இதைத்தான் வைட்ஸ்கிரீன் என்றார்கள். இன்னொரு வழி, திரை நிறையும்படி பெரிதாக்கி, பக்கவாட்டில் வெளியே போவதை வெட்டிவிடுவது. இதற்குப் பெயர் ஃபுல்ஸ்கிரீன். பெயரைக் கேட்டால் இதுதான் முழுப் படம் என்று தோன்றும். உண்மையில் நூற்றுக்கு 43 பங்கு படம் அதில் காணாமல் போயிருக்கும். காஸெட்டுக்கும் டி.வி.க்கும் படத்தை மாற்றும் கூடத்தில் ஒருவர் உட்கார்ந்து, இந்தக் காட்சியில் இடது பக்கம் முக்கியம், அடுத்ததில் வலது பக்கம் முக்கியம் என்று அவரே தீர்மானிப்பார். இரண்டு பேர் இரு ஓரத்தில் நின்று பேசினால், டைரக்டர் எடுக்காத ஒரு வெட்டு அங்கே புதிதாக முளைக்கும். அல்லது காமிரா அசையாத இடத்தில் படம் வழுக்கிக்கொண்டு போகும். 'பென்-ஹர்' (1959) எடுக்கப்பட்டது ஸ்கோப்பையும் விட அகலமாக, 2.76 விகிதத்தில். அதன் தேர்ப் பந்தயத்தில் ஒரு தேருக்கு நாலு குதிரை. அதை ஃபுல்ஸ்கிரீனில் போட்டால் திரைக்குள் இருப்பது பாதிப் பந்தயம்தான்.

பம்பாய்க்கு வந்த புதிதில் தமிழ்ப் படம் என்றால் மாட்டுங்கா அரோரா தியேட்டர். அது தவறினால் வாடகைக் காஸெட், அல்லது தூர்தர்ஷன். 1980களில் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை முறைவைத்துப் போடுவார்கள். தமிழின் முறைக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வீடுகள் நம்முடையவை. காஸெட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்கோப் படமானால், டைட்டில் ஓடும்வரை ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாக வருவார்கள். பெயர்கள் வெட்டுப்படக்கூடாதே என்று அதை மட்டும் நெருக்கியபடியே விட்டிருப்பார்கள். டைரக்டர் பெயர் மறைந்ததும் எல்லாரும் திடீரென்று சரியான உடம்புக்கு வந்துவிடுவார்கள், ஆனால் ஓரத்தில் நின்றவர்கள் போயிருப்பார்கள்.

அக்காலத்தில் ஃபுல்ஸ்கிரீனே வேண்டும் என்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 21 அங்குல டி.வி.யில் ஸ்கோப் படத்தை முழு அகலத்தில் போட்டால் அதன் உயரம் ஏழு அங்குலம்தான். ஒரு ரூம், ஒரு கிச்சன் வீட்டில் எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்து ஏழு அங்குலப் பட்டையில் ரஜினியைத் தேடமுடியுமா?

பிறகு அகல டி.வி. வந்தது. அதன் பதினாறுக்கு ஒன்பது என்ற வடிவம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், நாலுக்கு மூன்று முதல் ஸ்கோப் வரை எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே அமைந்த செவ்வகமும், எல்லாவற்றையும் அடக்கிய வெளிச் செவ்வகமும் ஒரே விகிதத்தில் வந்தன: 1.77 அல்லது 1.78, அதாவது பதினாறுக்கு ஒன்பது. இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம் அது. சமரசத்தில் எந்தக் கட்சிக்கும் முழுத் திருப்தி கிடையாது. ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்பு வரும். பழைய படம் போட்டால் இரு பக்கமும் கறுப்பு வரும். பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை.

ஆனால் வெட்டு மட்டும் திசை மாறிவிட்டது. அன்று அகலப் படத்தின் பக்கங்களை வெட்டினோம். இன்று பழைய படத்தின் தலையையும் காலையும் வெட்டுகிறோம். நாலுக்கு மூன்று படத்தை அகல டி.வி.யில் நிறைத்தால் உயரத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். ஸ்கோப் அளவுக்கே விரித்தால் நூற்றுக்கு 43 போய்விடும். காஸெட் காலத்தில் பக்கவாட்டில் போன அதே 43.

பழைய படங்களைப் புதுப்பித்து வெளியிடும்போதும் இந்த ஆசை விடுவதில்லை. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' 2012-இல் சினிமாஸ்கோப்பாகத் திரும்பி வந்தது. சதுரத்தை ஒட்டிய படத்தை நீள்சதுரமாக்க மந்திரம் ஒன்றும் இல்லை. மேலும் கீழும் வெட்டவேண்டும், அல்லது பக்கவாட்டில் இழுக்கவேண்டும், அல்லது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யவேண்டும். அந்தப் படத்தை எடுத்தவரும் அதே ஏ.பி. நாகராஜன்தான். ஸ்கோப் வேண்டும் என்று அவர் நினைத்தபோது 'ராஜராஜ சோழ'னை ஸ்கோப்பிலேயே எடுத்தார். திருவிளையாடலை அவர் எந்தச் சட்டத்துக்குள் பார்த்தாரோ, அந்தச் சட்டத்தில்தான் நாமும் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. புதுப்பித்ததால்தான் பல பேர் அதை மறுபடி தியேட்டரில் பார்க்க முடிந்தது என்பதையும் மறுக்கவில்லை.

வெட்டுப்படுவது வெறும் ஆகாயமும் தரையும்தானே என்று கேட்கலாம். நமது சங்கத்தின் நடன வகுப்புக் குழந்தைகளுக்கு 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தின் போட்டி நடனத்தைக் காட்ட ஏற்பாடு செய்தோம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடியது. வாசன் அதே வருடம் இந்தியில் எடுத்த 'ராஜ் திலக்' வழியாக இங்குள்ள அயலாருக்கும் பழக்கமானது. பெற்றோர் ஒருவர் அன்போடு பென் டிரைவில் ஒரு பிரதி கொண்டுவந்தார். திரை நிறைந்து, பளிச்சென்று இருந்தது. நடன ஆசிரியை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "முகம் இருக்கிறது, கை இருக்கிறது, பாதம் எங்கே?" என்றார். இரண்டு மேதைகள் காலால் போட்டிபோடும் காட்சியில் கணுக்காலோடு படம் முடிந்துவிட்டது. வேறு பிரதி தேடினோம். இரு பக்கமும் கறுப்புடன், கொஞ்சம் மங்கலாகத்தான் கிடைத்தது. குழந்தைகள் அதைத்தான் மூன்று முறை போடச் சொன்னார்கள்.

இன்னொன்று, இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மிக முக்கியம். தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், மீதிக்கு ஆங்கில சப்டைட்டில் வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் அநேகம். சப்டைட்டில் படத்தோடேயே பதிந்திருந்தால், ஜூம் போட்டவுடன் முதலில் அடிபடுவது அதன் கீழ் வரிதான். 'என் பிள்ளைக்குப் பழைய தமிழ்ப் படத்தில் இஷ்டமே இல்லை' என்று குறைப்படுகிறவர்கள் ஒருமுறை இதைச் சரிபார்க்கலாம்.

படம் சிறிதாகிவிடுகிறதே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 43 அங்குல அகல டி.வி.யில் பழைய படத்தை அதன் சொந்த வடிவில் போட்டால், மூலைக்கு மூலை 35 அங்குலம் கிடைக்கும். 32 அங்குலப் பெட்டியில்கூட 26 கிடைக்கும். அந்தக் காலத்து 21 அங்குலத்தைவிட இது பெரிதுதானே?

சரி, கையில் இருக்கும் பிரதி ஒழுங்கானதா என்று கண்டுபிடிப்பது எப்படி? 1973-க்கு முந்தைய தமிழ்ப் படம் அகல டி.வி.யில் கறுப்பே இல்லாமல் நிறைந்து நின்றால், சந்தேகமே வேண்டாம், யாரோ கை வைத்திருக்கிறார்கள். இழுத்திருக்கிறார்களா, வெட்டியிருக்கிறார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. வட்டமான எதையாவது பாருங்கள். மாட்டுவண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், அம்மா வேஷக்காரரின் குங்குமப் பொட்டு. வட்டம் கோழிமுட்டையாகப் படுத்திருந்தால் படத்தை இழுத்திருக்கிறார்கள். முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடியிருக்கும். வட்டம் வட்டமாகவே இருந்து, தலைமுடிக்கு மேல் இடமே இல்லாமல் எல்லாரும் கூரை தாழ்ந்த வீட்டில் நிற்பது போலத் தோன்றினால் வெட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் வரும் சென்ஸார் சர்டிபிகேட்டும் டைட்டில் அட்டையும் நல்ல சாட்சி. மேல் வரியும் கீழ் வரியும் இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டு. பெயர்களின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் இல்லையென்றால் பக்கவாட்டில் வெட்டு.

இழுத்த படத்தை நீங்களே குணப்படுத்தலாம். டி.வி.யின் படவடிவத்தை 4:3 என்று மாற்றினால் பத்மினி பழைய பத்மினியாகிவிடுவார். இணையத்தில் ஏற்றப்பட்ட பல பழைய படங்கள் இந்த ரகம்தான். வெட்டிய படத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. வேறு பிரதி தேடவேண்டியதுதான்.

ஜூம் பொத்தானே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஒரே ஒரு இடத்தில் அது சரியான மருந்து. பழைய வி.சி.டி.க்களிலும் சில டி.வி.டி.க்களிலும் ஸ்கோப் படத்தை நாலுக்கு மூன்று சட்டத்துக்குள் கறுப்போடு சேர்த்தே பதிந்திருப்பார்கள். அதை அகல டி.வி.யில் போட்டால் படம் நாலு பக்கமும் கறுப்பு சூழ, தபால்தலை போல நடுவில் நிற்கும். அங்கே ஜூம் அழுத்துங்கள். வெளியே போவது கறுப்பு மட்டும்தான்.

வீட்டில் எல்லாம் சரியாக வைத்தும் முகம் அகலமாகவே இருக்கிறதென்றால், குற்றவாளி பெரும்பாலும் செட்-டாப் பாக்ஸ். அதற்கும் தனியாகப் படவடிவ ஏற்பாடு உண்டு. பெட்டி ஒருமுறை இழுத்து அனுப்ப, டி.வி. அதன்மேல் ஜூம் போட, படம் இரட்டைத் தண்டனை அனுபவிக்கும். முதலில் பெட்டியின் செட்டிங்கில் போய், வந்த வடிவிலேயே அனுப்பு என்கிற ஏற்பாட்டை வையுங்கள். அதற்கு 'ஒரிஜினல்' என்றோ 'பில்லர் பாக்ஸ்' என்றோ பெயர் இருக்கும். பிறகு டி.வி.யைக் கவனியுங்கள். செல்போனில் இரண்டு விரலால் படத்தை விரித்துத் திரையை நிரப்பும் பழக்கமும் இந்த வெட்டுதான். அதைப் பேரன் பேத்திகளிடம் சொல்லி ஜெயித்தவர் யாரும் இருந்தால் எனக்கும் வழி சொல்லுங்கள்.

எல்லா வெட்டும் குற்றமல்ல. லாமிங்டன் சாலை மினர்வாவில் ஐந்து வருடம் ஓடிய 'ஷோலே' (1975) சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமில் நாலுக்கு மூன்று வடிவில் எடுக்கப்பட்டது. 70 மில்லிமீட்டர் காமிராவுக்கு ஆகும் செலவு அதிகம். பிறகு அதை 2.20 வடிவத்துக்கு மாற்றி 70 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். அது எடுத்தவர்களே தீர்மானித்த சட்டம். அப்படிப்பட்ட படத்துக்கு அகலப் பிரதியே நல்லது. வெளிநாட்டுப் படங்களிலும், கொட்டகையில் மேலும் கீழும் மறைத்துக் காட்டுவதற்காகவே எடுத்தவை உண்டு. அவற்றை மறைக்காமல் ஃபுல்ஸ்கிரீனில் வெளியிட்டால் படம் கூடுதலாகவே தெரியும். சில சமயம் மேலே தொங்கும் மைக்கும் சேர்ந்து தெரியும். ஆகவே அட்டையில் வைட்ஸ்கிரீன் என்றோ ஃபுல்ஸ்கிரீன் என்றோ எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், அந்தப் படம் எந்த வடிவில் காட்டுவதற்காக எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 1973-க்கு முந்தைய தமிழ்ப் படமா, 4:3 பிரதியை எடுங்கள். ஸ்கோப் படமா, மேலும் கீழும் கறுப்பு உள்ளதை எடுங்கள். ஒரே படத்துக்கு இரண்டு பிரதி இருந்து, ஒன்று பளபளப்பாகவும் வெட்டுப்பட்டும், மற்றது கீறலோடும் முழுமையாகவும் இருந்தால், நான் கீறல் கட்சி.

இவ்வளவையும் படித்துவிட்டு வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு விளக்கப் போகவேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பொத்தான். எங்கள் வீட்டு ரிமோட்டின் முதுகில் என் மனைவி தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "பழைய படம் - 4:3. மற்றதெல்லாம் - 16:9. ஜூம் தொடாதே." செலோ டேப்பை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றவேண்டியிருக்கிறது.